பாலத்தைத் திறந்தவருக்கு நன்றி

நன்றி சொல்வதில் நம்மவர்களுக்கு ஏனோ ஒரு கூச்சம், சார். இப்போது இந்தத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாரே அந்தக் காவலர், அவருக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கு ஆயிரம் வேலை. நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பழைய வீடியோ கேம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அந்த விளையாட்டைப் பிரித்து மேய்ந்து, பிழைகளைத் திருத்தி, நம் மொழியில் பேசவைத்து, எல்லோருக்கும் சும்மா கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் தத்தம் பிழைப்பைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு இதில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்குள் பட்டப்பெயர்தான். சொந்தப் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை.

எனக்கு நிரல் எழுத வராது. கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறவன் நான். குழுவில் என் பொறுப்பு நன்றிப் பக்கம். யார் எதைக் கண்டுபிடித்தார், யார் எதைத் திருத்தினார் என்று கண்ணும் கருத்துமாக எழுதி வைப்பேன். அதை எழுதுகிறவனுக்கு அதில் இடம் கிடையாது. தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? அதையெல்லாம் எதிர்பார்க்கிற ஆளும் இல்லை நான்.

ஆனால் அந்தப் பக்கத்தை ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. இலவசமாக வாங்கி விளையாடுகிறவர்கள் எங்களுக்கு என்ன எழுதுவார்கள் தெரியுமா? "அடுத்த பாகம் எப்ப வரும்?" "இத்தன நாளா என்னத்தக் கிழிச்சீங்க?" இதுதான். பூரான் என்று ஒருவர். அந்த விளையாட்டில் ஒரு பாலம் வரும். அதில் கால் வைத்தால் திரை அப்படியே உறைந்துவிடும், யாராலும் தாண்ட முடியாது. பூரான் இரண்டு வருடம் மல்லுக்கட்டி அந்தப் பாலத்தைத் திறந்தார். மறுநாள் முதலில் வந்த கடிதம், "பாலம் சரி, பாட்டு ஏன் விட்டுவிட்டுக் கேக்குது?" எனக்கு வயிறு எரிந்தது.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் மூன்று படங்களில் எங்கள் குழுவின் திருகாணி அண்ணன் படத்தை எடுத்துவிடுங்கள். அவர் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் தானாகத்தான் இறந்தார். நான் செய்ததெல்லாம் அவர் மறைவுச் செய்தியை நன்றிப் பக்கத்தின் மேலே போட்டதுதான். அன்று மாலைக்குள் எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள், சார். "அண்ணே, எங்கப்பாவோட உக்காந்து நான் விளையாடின கேம். நீங்க இல்லேன்னா அது எனக்குத் திரும்பக் கெடச்சே இருக்காது." உயிரோடு இருந்தவரை அவரை வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் அவர்கள். நான் விக்கி விக்கி அழுதேன். அழுது ஓய்ந்த பிறகுதான் யோசித்தேன். மற்றவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

அடுத்தது கோழி. பள்ளியில் கணக்கு டீச்சர். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். நம் எழுத்துகளை அந்தச் சின்னத் திரைக்குள் வடிவாக அடக்கியவர் அவர்தான் என்பது வேடிக்கை. குழுவின் பரிசுப் பார்சல்களை நான்தான் அனுப்புவேன், ஆகவே முகவரி தெரியும். போனபோது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பை வாயில் கவ்வியிருந்ததால் கத்தவில்லை. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். சுவரைப் பற்றிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கீழே நின்ற காரின் கூரைமேல் விழுந்தார். அந்தக் காரின் அலாரம் நான் தெருமுனை திரும்பும்வரை அடித்துக்கொண்டிருந்தது.

கால் தவறி விழுந்தார் என்று எல்லோரும் நம்பினார்கள். திருகாணி அண்ணனுக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு நன்றி வந்தது அவருக்கு. அத்தனையையும் அச்சடித்து அவருடைய அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். கூரியர் செலவு என் கைக்காசு.

பூரானுக்கு இதைவிடச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அவர் பல் செட் செய்கிறவர், வீட்டின் பின்னறைதான் பட்டறை. மத்தியான வேளையில் போனேன். அவருடைய அக்கா கதவைத் திறந்தார்.

"கம்ப்யூட்டர் சிநேகிதரா? வாங்க தம்பி, வாங்க. அவனுக்கு இப்படி ஒருத்தர் வந்து நன்றி சொல்லணும்னு எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா! உள்ளதான் இருக்கான், போய்ப் பாருங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். சாப்பிட்டுத்தான் போகணும்."

நல்ல பெண்மணி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பூரான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல்லைத் தேய்க்கிற மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நான் வந்தது காதில் விழவில்லை. அலமாரி நிறையப் பிளாஸ்டர் தாடைகள். பிளாஸ்டர் உடைக்கிற சுத்தியல் கைக்கெட்டும் இடத்திலேயே கிடந்தது. முதல் அடி சரியாக விழவில்லை, தலையைத் திருப்பிவிட்டார், காதோடு போயிற்று. இரண்டாவது நன்றாக இறங்கியது. ஈர மண்சட்டி உடைந்த மாதிரிச் சத்தம். அலமாரியைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தார், தாடைகளெல்லாம் அவர்மேல் சரிந்து நொறுங்கின. மூன்றாவது வாயில் பட்டது. தரையில் கிடந்த பற்களில் எது அவர் செய்தது, எது அவருடையது என்று தெரியவில்லை. சுத்தியலை மேசைக்கடியில் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் முட்டிபோட்டேன். கண்ணாடிக்குள் ரத்தம் நிறைந்திருந்தது, அதைக் கழற்றினேன்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சார். பாலத்தைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. வாய் முழுக்க ரத்தம், ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார்.

"யாரோ அடிச்சுட்டு ஓடிட்டான்... நல்லவேள, நீங்க வந்தீங்க. ரொம்ப நன்றிங்க."

அக்கா கடையிலிருந்து வரும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. மூச்சு அப்போதும் இருந்ததாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கூப்பிடவும் இல்லை, ஓடவும் இல்லை, அவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள்.

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, சார். இன்னொரு முறை சொல்வாரோ என்று காத்திருந்தேன்.