யாராவது போய்ப் பாருங்கப்பா

மெதுவாவே பண்ணுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. பூட்டத் திறக்கறப்ப கதவுல கீறல் விழாம இருந்தாச் சரி. கீறல் விழுந்துச்சுன்னு வைங்க, உள்ள இருக்கறவன் என்னை உயிரோட விடமாட்டான்.

இல்லல்ல, என் வீடு இல்ல. கீழ வாட்ச்மேன் சொல்லலியா? என்கூடப் படிச்சவன் வீடு. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. ஆணின்னுதான் கூப்பிடுவோம். அப்பவும் ஒல்லி, இப்பவும் ஒல்லி. தலையில ரெண்டு போட்டாத்தான் எதையும் ஒத்துக்குவான், அந்த வகையிலயும் ஆணிதான். பொண்டாட்டி போய்ச் சேந்தாச்சு. பையனுக்குக் கப்பல்ல வேலை, எந்தத் தண்ணியில மிதக்கறானோ. நேத்து காலையிலேர்ந்து ஆணி போன எடுக்கல. பேப்பரப் பாருங்க, நேத்தையதும் இன்னைக்கிதும் போட்டது போட்டபடி கிடக்கு. அபார்ட்மெண்ட் செகரட்டரிகிட்டச் சொன்னேன். தாராளமாத் திறந்து பாருங்கன்னார். நீங்களும் வாங்க சார்னேன். அவருக்கு மீட்டிங்காம். பின்ன? இந்த மாதிரி வேலைன்னாலே எல்லாருக்கும் மீட்டிங் வந்துரும்.

உள்தாழ்ப்பாளா? கிடையாது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தானே, அதுக்கப்புறம் கழட்டிப் போட்டாச்சு. இந்தப் பூட்டு ஒண்ணுதான். நல்ல பூட்டுங்கறீங்களா? இருக்கும் இருக்கும். அவன் வாங்குனதாச்சே, கடைக்காரன் உசுர எடுத்துதான் வாங்கியிருப்பான்.

சத்தம் என் போன்தான். மன்னிச்சிக்குங்க. எங்க கிளாஸ் குரூப்பு. காலையிலேர்ந்து வண்டு மாதிரி கத்திக்கிட்டே கிடக்கு. பாருங்க, லீடர் போட்டிருக்கான், என்ன நிலவரம், அப்டேட் ப்ளீஸ்னு. கூடவே கும்பிடற கை மூணு. அப்டேட்டாம்! இங்க என்ன கிரிக்கெட்டா நடக்குது, ஓவருக்கு ஓவர் ஸ்கோர் சொல்றதுக்கு?

லீடர்னா, அப்ப கிளாஸ் லீடர். பேசறவன் பேரெல்லாம் போர்டுல எழுதிவச்சு அடி வாங்கிக் குடுத்த பய. பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆயிட்டான், ஆனா இன்னும் லீடர்தான். விடிஞ்சா ஒரு ரோஜாப்பூ போடுவான், அதுக்கு அடியில ஒரு தத்துவம். அதுக்கு எல்லாக் கிழமும் வரிசையாக் கை தட்டும். அருமை, ஆஹா, உண்மை நண்பா. எனக்குக் குமட்டிக்கிட்டு வரும் தம்பி. பல் தேய்க்கறதுக்கு முன்னாடியே குமட்டும்.

எவனுக்காவது உடம்பு சரியில்லன்னு வைங்க, அன்னிக்குப் பாக்கணும் கூத்த. பூவு, விளக்கு, அழுவுற பொம்மை. அப்புறம் ஒருத்தன் எழுதுவான், யாராவது போய்ப் பாருங்கப்பான்னு. உடனே பத்து பேர் அதுக்குக் கட்டை விரலத் தூக்குவான். யாராவதுன்னா யாரு? நான்தான். எங்க குரூப்புல யாராவதுங்கறது என் பேரு. லீடருக்கு முட்டி வலி. காலேஜ் வாத்தியாரா இருந்தவனுக்குப் பேரப்பிள்ளைய ஸ்கூல்ல விடணும். காருக்கு மேல கார் வச்சிருக்கறவனுக்கு டிரைவர் லீவு. எனக்கு என்ன, பஸ்ஸுல ஓசிப் பாஸ் இருக்கு, கண்டக்டரா இருந்தவன், ஏறி உக்காந்தாக் கொண்டு விட்டுருவான். அதனால ஆஸ்பத்திரியா நான், எழவா நான், கல்யாண வீட்டுல பந்திக்கு ஆள் பத்தலன்னாலும் நான்.

எண்ணெய் போடறீங்களா? போடுங்க போடுங்க. துரு இருக்காது, ஆனாலும் போடுங்க.

இந்த ஆணிய மட்டும் நல்லவன்னு நினைச்சிராதீங்க. அவன் ஒரு தனி இம்சை. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் மனுஷன் மூஞ்சியப் பாக்கமாட்டான், சுவிட்ச் போர்டத்தான் பாப்பான். லீடரு பொண்ணு கல்யாணத்துல என்ன பண்ணான் தெரியுமா? மண்டபம் பூரா சீரியல் லைட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில நிக்கறாங்க, போட்டோ எடுக்கறவன் ரெடின்னு கையத் தூக்கறான், டப்புனு மொத்த மண்டபமும் இருட்டு. ஆணி போய் மெயின அமுக்கிட்டான். ஒயரு சூடாகி உருகுதுடா, எரிஞ்சு சாகப் போறீங்களான்னு ஒரே கத்தல். போய்ப் பாத்தா நிஜமாவே பின்னாடி ஒயரு கருகிப் போயி, துணியில பத்தப் பாக்குது. எத்தனை பேரு உசுரு! ஒருத்தன் நன்றி சொல்லணுமே? லீடர் சொல்றான், நல்ல நேரத்துல அபசகுனம் புடிச்சவன்னு. சாப்பிடாமக்கூட வந்துட்டான் ஆணி. கூடவே நானும் வந்தேன். அதுவும் என் தலையெழுத்து, எனக்கு நல்ல பசி அன்னிக்கு.

அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இதே லீடர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பறான். பாசிட்டிவா இரு நண்பா, எல்லாம் மனசுதான்னு. அவளுக்கு மனசுல இல்லடா, கிட்னியிலன்னு இவன் திருப்பி அனுப்பிட்டான். வார்டுல அவ கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான், ரெண்டு பேரும் இதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அவளும் சிரிச்சா பாவம்.

திரும்பலியா? பரவால்ல, அடுத்த கம்பியப் போட்டுப் பாருங்க.

நேத்து முன்தினம்தான் சண்டை. ஸ்கூல் முடிச்சு அம்பது வருஷம் ஆச்சாம், ஹோட்டல் ஹாலு புடிச்சுக் கொண்டாடணுமாம். எல்லாருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட்டு, முதுகுல ஸ்கூல் பேரு. மேல பறந்து படம் புடிக்கற மெஷின் வேற வருதாம். தொப்பையும் வழுக்கையுமா ஆடப் போறானுங்க, அத ஆகாசத்துல இருந்து எவன் பாக்கறதுக்கு? ஆணி எழுதிட்டான், செத்தவன் வீட்டுக்கு வர நேரமில்லாத நாய்ங்களுக்கு ஆட மட்டும் நேரம் இருக்கான்னு. எழுதிட்டு குரூப்ப விட்டே போயிட்டான். அதுக்கு ஒவ்வொருத்தனும் சிரிக்கற பொம்மை போட்டான் தம்பி. தொல்லை விட்டுதுன்னு ஒருத்தன், காத்து வருதுன்னு ஒருத்தன். மறுநாள் நான் போன் பண்ணேன், எடுக்கல. எடுக்கலப்பான்னு குரூப்புல போட்டேன். உடனே அதே வாயிங்க, ஐயோ நம்ம ஆணிக்கு என்ன, யாராவது போய்ப் பாருங்கப்பா. த்தூ.

கோவத்துல எடுக்காம இருப்பானா? இருப்பான், ஏன் இருக்கமாட்டான்? ஒரு தடவை இப்படித்தான் போன எடுக்கல, தட்டுனா திறக்கல. அப்ப இருந்த பூட்ட நானும் வாட்ச்மேனும் சேந்து கடப்பாறையால பேத்துட்டோம். உள்ள போனா துரை குளிச்சிக்கிட்டு இருக்கார். துண்டோட வெளிய வந்து ஒரு திட்டு திட்டுனான் பாருங்க, எங்க அப்பா தாத்தா வரைக்கும் இழுத்துட்டான். வாட்ச்மேன் படியில உருண்டு ஓடுறான். அதுக்கப்புறம் வாங்குனதுதான் இந்தப் பூட்டு. இனிமே எந்த முட்டாளும் உடைக்க முடியாதுன்னான் என் மூஞ்சியப் பாத்து.

தம்பி, நீங்க குனிஞ்சு மூக்க அங்கயே வச்சிருக்கீங்களே... ஏதாவது வாடை வருதா?

எண்ணெய் வாடையா. உங்க எண்ணெய்தானே? சரி சரி. சும்மா கேட்டேன்.

உள்ள டிவி ஓடுது, கேக்குதா? காத வைங்க. யாரோ நியூஸ் வாசிக்கறாங்க. டிவி ஓடுனா ஆள் இருக்கான்னு அர்த்தம்தானேங்கறீங்களா? அப்படித்தான் நானும் நினைச்சேன் ஒரு தடவை. டெய்லர் வீட்டுல ரேடியோ பாடிக்கிட்டுதான் இருந்துச்சு.

டெய்லர்னா எங்க பெஞ்சுல மூணாவது ஆளு. பட்டப்பேரு இல்ல, தொழிலே அதான். கீழ கடை, மேல வீடு, கல்யாணம் கட்டிக்கல. போன வருஷம் நல்ல வெயில் காலத்துல கடை திறக்கலன்னு யாரோ சொல்லி, குரூப்புல போட்டு, யாராவது போய்ப் பாருங்கப்பா வந்து, நான் போனேன். வீட்டுக்காரம்மா சாவிய என் கையில குடுத்துட்டுக் கீழயே நின்னுக்கிட்டாங்க. மேல போனேன், திறந்தேன். ரேடியோவுல பாட்டு. விடுங்க அத. சாயங்காலம் லீடர் கேட்டான், எடுக்கறது எத்தனை மணிக்குன்னு. அவ்வளவுதான் கேட்டான். எடுக்கறப்ப எத்தனை பேர் வந்தான்னு சொன்னாச் சிரிப்பீங்க. நானும் ஆணியும், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரனும்.

இருபத்தஞ்சு முப்பது வருஷம் உள்ள போங்க உள்ள போங்கன்னு ஊரையே நெட்டித் தள்ளுனவன் நான். படியில தொங்குறவனைக்கூட முதுகுல கைவச்சு உள்ள ஏத்திருவேன். இப்ப என் வீட்டுக் கதவத் திறந்தாக்கூட முதல்ல மூக்குதான் உள்ள போகுது. மூக்கு சரின்னு சொன்னப்புறம்தான் கால எடுத்து வைக்கறேன். என் பொண்டாட்டி கேக்கறா, என்ன நாய் மாதிரி மோந்துக்கிட்டு நிக்கறீங்கன்னு.

என்ன எடுக்கறீங்க? டிரில்லா? இல்ல தம்பி, வேண்டாம். வேற வழியே இல்லியா? நடுவுல ஓட்டை போட்டுட்டா பூட்டு அவ்வளவுதானா? ஐயோ, அவன் ஆசையா வாங்குனது. இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. அத ஆஃப் பண்ணுங்க முதல்ல.

இந்தாங்க.

ஆமா, சாவிதான். இந்தப் பூட்டோடதுதான்.

கோவப்படாதீங்க தம்பி. நியாயம்தான், இவ்வளவு நேரம் முட்டி போட்டு உக்காந்து நோண்டியிருக்கீங்க, திட்டுங்க. வந்ததும் சாவி இல்லையான்னு கேப்பீங்கன்னு நினைச்சேன், நீங்க கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

டெய்லர எடுத்த மறுநாள் இவன் என் வீட்டுக்கு வந்தான். அத்தனை பேர்ல இவன் ஒருத்தன்தான் வந்து, என்னடா பாத்தன்னு கேட்டான். முழுசாக் கேட்டான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லல. போறப்ப இத என் உள்ளங்கையில வச்சு அழுத்துனான். எனக்கும் நீதான்டா வரணும், இந்த நாய்ங்கள்ல எவனும் என்னை அந்தக் கோலத்துல பாக்கக்கூடாதுன்னான். அசிங்கம் புடிச்சவன். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன்கிட்டக் கேக்கற உதவியா இது? சரின்னு நானும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்.

நேத்து சாயங்காலமே வந்துட்டேன் தம்பி. இதோ, இந்தச் செருப்பு ஸ்டாண்டுகிட்டத்தான் நின்னேன். சாவிய உள்ள விட்டேன். கை திருப்பமாட்டேங்குது. டிவி சத்தம் கேட்டுச்சு, அதையே சாக்கா வச்சுக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஆணி எப்படி இருக்கார்னு அவ கேட்டா. அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்னேன். அவனுங்களாவது வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பூப் போட்டானுங்க. நான் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவன். ஒருவேளை நேத்து அவன் கீழ விழுந்து கிடந்து, கதவுல சாவி சத்தம் கேட்டு, வந்துட்டான்டான்னு நினைச்சிருந்தான்னா? நினைச்சாலே என்னை நானே காறித் துப்பிக்கணும் போல இருக்கு.

இல்ல, குடுங்க. நானே திருப்பறேன். எங்கயும் போயிராதீங்க, பக்கத்துலயே நில்லுங்க. உள்ள இருந்து எவன்டா அதுன்னு திட்டுனான்னு வைங்க, நான் முன்னாடி போறேன். என்ன வேணா திட்டட்டும், கையில கிடைக்கறத எடுத்து அடிக்கட்டும், வாங்கிக்கறேன்.

திட்டலன்னா... தம்பி, திட்டலன்னா நீங்க முன்னாடி போறீங்களா?