காரம் குறைச்ச மாஸ்டர்

நான் புள்ளிவிவரம் சொல்லச் சொல்ல உங்க கண்ணு சொக்குறது மேடையிலேருந்தே தெரியுது! சரி, அதை மடிச்சு வச்சிடுறேன். நிமிர்ந்து உட்காருங்க... சின்னதா ஒரு கதை வச்சிருக்கேன், கேளுங்க.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வைரக்கண்ணு மாஸ்டர்னு ஒரு கல்யாணச் சமையல்காரர். அவர் சாம்பார்னா, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட பந்திக்கு வந்துடுவான்! கொதிக்கிற அண்டாவுலேருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்ப்பாரு. அவர் தலையாட்டினாத்தான் அண்டா இறங்கும். அதுக்கு மேல அப்பீல் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்... வாயில எந்நேரமும் வெத்தலையும் புகையிலையும்.

ஒரு தை மாசம். உள்ளங்கையை நக்கினவரு துள்ளிக் குதிச்சாரு. "யோவ்! யாருய்யா மிளகாயை இப்படி அள்ளிக் கொட்டினது? வாய் எரியுது!"

கூட வேலை செய்யறவங்க, "அளவாத்தான் போட்டோம் மாஸ்டர்."

"அளவை நீ சொல்லணுமா, நான் சொல்லணுமா? குறைய்யா!"

குறைச்சாங்க. அடுத்த கல்யாணத்துலயும் எரிஞ்சுது. இன்னும் குறைச்சாங்க. மாசியிலயும் எரிஞ்சுது... இன்னும் குறைச்சாங்க! பங்குனியில ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப்புட்டாங்க. "ஏன் மாஸ்டர், இது சாம்பாரா... காய்ச்சல்காரனுக்கு வச்ச கஞ்சியா?"

அவருக்கு எது மேல சந்தேகம் வந்துச்சுங்கறீங்க? மிளகாய் மேல வந்துச்சு. மளிகைக்காரர் மேல வந்துச்சு, கடையையே மாத்தினாரு! தன் வாய் மேல வந்துச்சா? வரலையே! அந்த வாய்தானே நீதிபதி... நீதிபதி மேல யாருங்க கேஸ் போடுறது?

நல்லவேளை, அந்தப் பந்தியில பொண்ணோட சிநேகிதி ஒருத்தி உட்கார்ந்திருந்தா. ஜெசிந்தான்னு பேரு, பல் டாக்டர். நேரா சமையல்கட்டுக்கே வந்துட்டா.

"மாஸ்டர், சாம்பார்ல காரமே இல்லையே?"

"என்னம்மா சொல்றே? எனக்கு வாய் தீயா எரியுது!"

அந்தப் பொண்ணு சுத்தி நின்னவங்களைப் பார்த்தா. "உங்களுக்கெல்லாம் எரியுதா?" கூட வேலை செய்யற ஆறு பேரும் தரையைப் பார்த்தாங்க.

"எத்தனை நாளா எரியுது மாஸ்டர்?"

"ஆச்சும்மா... ரெண்டு மாசத்துக்கு மேல."

"வாயைத் திறங்க."

போன் டார்ச்சை அடிச்சுப் பார்த்தா. இடது கன்னத்து உள்பக்கம் வெள்ளைத் திட்டு, நடுவுல ஆறாத புண்ணு. அவ கிளினிக்குல சதையில துளி எடுத்து பரிசோதனைக்கு அனுப்பினாங்க. புற்றுநோய். ஆரம்ப நிலை.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு. "தையலு, எல்லாம் முடிஞ்சுது. அண்டா குண்டானையெல்லாம் வித்துடு." அந்தம்மா தையல்நாயகி என்ன செஞ்சாங்க? அழுதாங்க. அழுது முடிச்சிட்டு, "சட்டையை மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னாங்க. அதாங்க பொம்பளை!

பெரிய டாக்டர் பொறுமையாச் சொன்னாரு. "ஆபரேஷன் பண்ணி வெட்டி எடுக்கலாம். கதிர்வீச்சு இருக்கு, நீங்க கரன்ட் வைக்கிறதுன்னு சொல்வீங்களே, அது. கீமோன்னு மருந்து ஏத்துறது இருக்கு. நோய் அணுவை மட்டும் குறி வைக்கிற மருந்து, உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புற மருந்துன்னு புதுசாவும் வந்திருக்கு."

மாஸ்டர் மிரண்டுட்டாரு. "இத்தனையும் எனக்கா?"

டாக்டர் சிரிச்சாரு. "சர்க்கரை வியாதிக்காரர் இலையில ஜாங்கிரி வைப்பீங்களா? எந்த இடம், எந்த ரகம், எவ்வளவு பரவியிருக்கு, எல்லாம் பார்த்து ஆளுக்குத் தகுந்தாப்லதான். உங்களுக்கு ஆபரேஷன், அப்புறம் கொஞ்ச நாள் கரன்ட். சீக்கிரம் வந்துட்டீங்க, நல்லா குணமாக வாய்ப்பிருக்கு."

மாஸ்டர் கேட்டாரு. "டாக்டர்... எனக்கு ருசி தெரியுமா?"

"பொய் சொல்ல மாட்டேன். சில மாசம் ருசி மட்டுப்படும். பெரும்பாலும் திரும்பி வரும். புகையிலை மட்டும் திரும்பி வரக்கூடாது!"

ஆபரேஷன் ஆச்சு. கரன்ட் வச்சாங்க. ஏழு மாசம் மனுஷனுக்கு சர்க்கரையும் மண்ணு, உப்பும் மண்ணு. அதுவரைக்கும் சமையல்கட்டுப் பக்கமே விடாத சம்சாரத்தைக் கல்யாண வேலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தம்மா நக்கிப் பார்த்து, "உப்பு பத்தலை"ன்னா, மாஸ்டர் கையைக் கட்டிக்கிட்டு, "சரிங்க!" பார்க்கக் கண்ணு ரெண்டு போதாது!

ஒருநாள் காலையில காபியை ஒரு வாய் குடிச்சாரு. கத்தினாரு. "என்ன தையலு... இவ்வளவு சர்க்கரையைக் கொட்டி வச்சிருக்கே!" அந்தம்மா ஓடிவந்து, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, தேம்பித் தேம்பி அழுதாங்க. புருஷன் குறை சொன்னதுக்கு சந்தோஷத்துல அழுத பொம்பளையை நான் அங்கதாங்க பார்த்தேன்.

இதை எதுக்குச் சொல்றேன்? உடம்பு ஒண்ணு சொன்னா, நாம மிளகாயைக் குறைக்கிறோம். மூணு வாரமா ஆறாத புண்ணா... "பல்லு குத்துது." மார்புல கட்டியா... "பால் கட்டியிருக்கும்." நோயைவிட இந்த சமாளிப்புதாங்க நம்மைக் கொல்லுது!

ஏன், என்னையே எடுத்துக்குங்களேன். ஆறு வாரமா எனக்குத் தொண்டை கம்மிக் கிடக்கு. நான் யாரைத் திட்டிக்கிட்டிருக்கேன்? அதோ நிக்கிறாரே, மைக் செட்காரர்... அவரை! "சவுண்டை ஏத்துய்யா, ஏத்துய்யா"ன்னு ஊர் ஊரா ஏத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

பந்தலுக்கு அந்தப் பக்கம் நம்மைச் சோதிச்சுப் பார்க்க டாக்டருங்க உட்கார்ந்திருக்காங்க. வரிசையில முதல் ஆள் நான். பயமாத்தான் இருக்கு... பின்னாலேயே வந்து நில்லுங்கய்யா!