ஏழாவது ரூட்டில் பதினொரு ஜோடி

மேடையில் வீற்றிருக்கும் பெண்டன் ஏரிக் கரையோர வீட்டுடைமையாளர் சங்கத்தின் தலைவர் கொரின் பாசெட் அவர்களே! பாதிரியார் அவர்களே! அம்மாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெண்டல் நைகார்ட் அவர்களே! இந்த ஊர் மன்றத்தில் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வடகரைப் பெருமக்களே! தமக்குப் பிடித்துவைத்த நாற்காலி காலியாக இருந்தும் காப்பி அண்டாவை விட்டு நகராத தென்கரைப் பெருமக்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். டெல்மர் ருக். உங்களில் பாதிப் பேர் வீட்டின் கழற்றி மாட்டும் மரப் படகுத்துறைகளை வசந்தத்தில் தண்ணீரில் இறக்கி, பனி விழுமுன் கரையேற்றுகிறவன். சங்கத்தின் துணைத் தலைவன். கோட்டு போட்டு வந்திருக்கிறேன், ஆனால் என் தலைமுடி இன்னும் ஈரமாக இருக்கிறது. கொரின் அதைப் பார்த்து முகம் சுளித்தார். ஏன் ஈரம் என்று சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்க மாட்டேன். சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பரபரப்பாக நிற்பது மரியாதை இல்லைதான். ஆனால் எதையும் முதலில் இருந்து, வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பது ஆர்டித் போட்ட சட்டம். அதனால் முதலில் இருந்தே வருகிறேன்.

யார் இந்த ஆர்டித் நைகார்ட்? இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த ஏரியைச் சுற்றி வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் பத்தொன்பது ஆண்டுகள் நம் சங்கத்தின் தண்ணீர்க் குழுத் தலைவர். சம்பளம் உண்டா? இல்லை. விடுமுறை உண்டா? இல்லை. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் படகு இறங்குதுறையில் அந்தச் சிவப்புத் தொப்பி நிற்காத கோடை ஒன்றையாவது உங்களால் சொல்ல முடியுமா?

வருகிற ஒவ்வொரு படகையும், ஒவ்வொரு டிரெய்லரையும் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோலப் பார்ப்பார். வேறு ஏரியின் களை ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் படகு தண்ணீரைத் தொடாது. மீன்பிடிப் போட்டிக்கு வந்த முரடர்கள் அவரிடம் கத்தியிருக்கிறார்கள். அவர் பதிலுக்குக் கத்தியதில்லை. டப்பாவைத் திறந்து எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்றை நீட்டுவார். ஆள் அதைத் தின்று முடிப்பதற்குள் டிரெய்லர் அச்சுக்கடியிலிருந்து களையை உருவி எடுத்திருப்பார். தலைவர் கொரினின் மருமகனையே திருப்பி அனுப்பியவர் அவர்! மாமியார் யார் தெரியுமா என்று அந்தப் பையன் கேட்டானாம். தெரியும், அவருக்கும் நான்தான் தபால் கொடுத்தேன், போய்ப் படகைக் கழுவிக்கொண்டு வா என்றாராம். கொரின் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். எட்டு ஆண்டுகளாகச் சொல்லாதது.

மில்ஃபாயில் என்ற தண்ணீர்ச் செடியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கெட்டது, நல்லது என்று இரண்டு உண்டு. கெட்டது வெளியிலிருந்து வருவது. வந்தால் ஏரியைப் பாய்போட்டு மூடிவிடும். நல்லது நம் ஏரியிலேயே பிறந்தது; மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அதில்தான். தண்ணீருக்குள் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஓர் இலையைப் பறித்து, நடுநரம்பின் இரு பக்கமும் எத்தனை ஜோடி இழை என்று எண்ண வேண்டும். பன்னிரண்டுக்குள் என்றால் நல்லது. பதினான்கைத் தாண்டினால் கெட்டது. இந்தக் கணக்கு இன்று நம் பேரப் பிள்ளைகளுக்கும் தெரியும். எட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரியாது.

அந்த ஜூலையில் ஆர்டித் தன் தங்கையைப் பார்க்க ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். வடக்கு விரிகுடாவில் துறை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த நான் குனிந்து பார்த்தேன். அடியெல்லாம் மில்ஃபாயில்! கூப்பிட்டேன் எல்லோரையும். இருபத்திரண்டு பேர் வந்தீர்கள். தட்டையான மூன்று பாண்டூன் படகுகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வேரோடு பிடுங்கினோம். நாற்பது மூட்டை! கரையில் அடுப்பு மூட்டி, சாசேஜ் சுட்டு, பீர் குடித்து, ஏரியைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டோம். ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த ஆண்டு சங்கம் எனக்குக் கேடயம் கொடுத்தது. 'ஏரிக் காவலர்' என்று பொறித்துக் கொடுத்தது.

ஆர்டித் திரும்பி வந்த அன்று நேரே என் வீட்டுக்கு வந்தார். மூட்டைகள் கொட்டகையோரம் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து ஒரு கொடியை எடுத்தார்.

“எத்தனை ஜோடின்னு எண்ணிப் பாத்தியா, டெல்மர்?”

“எண்ணுறதுக்கு என்னங்க இருக்கு? பாத்தாலே தெரியுதே.”

“சரி. இப்ப எண்ணு.”

எண்ணினேன். பத்து. வேறு மூட்டையில் எண்ணினேன். ஒன்பது. மூன்றாவது மூட்டையில் மறுபடியும் பத்து. நாற்பது மூட்டையும் நல்லது. பனிக்கட்டி உருகி ஏரி பிறந்த நாளிலிருந்து இங்கே இருந்த செடி. அதை ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டேன்.

ஆம் நண்பர்களே! நீங்கள் பிடுங்கியது களை அல்ல. உங்களைப் பிடுங்கச் சொன்னது நான். பின்வரிசையில் யாரோ ஐயோ என்கிறீர்கள். நானும் அன்று அதைத்தான் சொன்னேன்.

எல்லோரிடமும் சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்கு முதல் பயம். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். “நடந்தத எழுதுவேன். பொய் எழுத மாட்டேன்” என்றார். ஆண்டறிக்கையில் எழுதினார்: ‘நாற்பது மூட்டை செடி அகற்றப்பட்டது.’ செடி! களை என்று எழுதவில்லை. என்ன செடி என்று யாரும் கேட்கவில்லை. நான் கேடயம் வாங்கியபோது மன்றத்தில் எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியவர் அவர்தான். வாசலில் என்னைப் பிடித்து, “கண்ணுல படுற எடத்துல மாட்டு” என்று மட்டும் சொன்னார். கண்ணில் படுகிற இடத்தில்தான் மாட்டினேன். எட்டு ஆண்டுகள் தினமும் கண்ணில் பட்டது.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. வெறும் தரையைக் கண்டால் எது முதலில் குடியேறும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டு கழித்து, நான் மொட்டையடித்த அதே இடத்தில் ஆர்டித் ஒரு கொடியை எடுத்தார். எண்ணினார். பதினேழு. ஏரிக்குள் கெட்டது வந்துவிட்டது. வழிவிட்டவன் நான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது! தபால்காரி அல்லவா, வடக்கு விரிகுடாவைப் பத்தொன்பது ரூட்டாகப் பிரித்தார். ஒருவர் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக் கீழே. விரலால் மண்ணைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். ஒருவர் மேலே படகில் வலையோடு. உடைந்த துண்டு ஒன்று தப்பினாலும் அது போய் வேறு இடத்தில் வேர்விடும். தன் ரூட்டை முடித்ததும் அடுத்தவர் ரூட்டை மறுபடி பார்க்க வேண்டும். தப்பான வீட்டில் தபால் போட்டவனுக்கு அது தப்பென்று தெரியாது, அடுத்த நாள் வருகிறவனுக்குத்தான் தெரியும் என்பார். வேகப் படகு வைத்துக்கொண்டு அவரோடு பத்து ஆண்டு சண்டை போட்ட லோவல் பிராட்டையே வலை பிடிக்க வைத்தாரே! திட்டியா வைத்தார்? ஒரு ரூட்டைக் கையில் கொடுத்து, இதற்கு நீதான் பொறுப்பு என்றார். அவ்வளவுதான்.

ஏழாவது ரூட்டை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மறுபார்வையும் அவரே. எல்லோருக்கும் ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா என்று நாம் முணுமுணுத்தோம். அந்த ஏழாவது ரூட்டுதான் நான் மொட்டையடித்த இடம். அங்கே அடிமண் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகத் தன் சட்டத்தைத் தானே உடைத்தார் அந்த மனுஷி. அங்கே வலை பிடிக்க என்னை மட்டும்தான் வைத்துக்கொண்டார். தண்ணீரில் இறங்க எனக்கு அனுமதி கிடையாது. நான் எதையும் பார்க்காமல் பிடுங்கிவிடுவேன் என்று பயம் போல என நினைத்துக்கொண்டேன்.

நான்கு கோடைகள் பிடுங்கினோம். பிறகு ஒரு கோடை முழுக்கத் தேடியும் கெட்டது ஒன்றுகூட இல்லை. குதித்தோம். அவர் குதிக்கவில்லை. தொடர்ந்து மூன்று கோடை பூஜ்யம் வந்தால்தான் ஒழிந்தது என்று எழுதுவேன் என்றார். சென்ற ஆகஸ்டில் இரண்டாவது பூஜ்யம். ஏழாவது ரூட்டில் தண்ணீரிலிருந்து அவர் தலையைத் தூக்கியபோது, வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்லிப் படகில் ஏறிக்கொண்டார். ஏதோ மீனைச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இது மூன்றாவது கோடை. இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவமனையில் பார்த்தேன். மூச்சு வாங்கியது. சிவப்புத் தொப்பியைக் கட்டில் கம்பியில் மாட்டியிருந்தார்.

“ஏழாவது ரூட்டுக்கு இந்தத் தடவ நீ எறங்கு.”

“நீங்க வந்து எறங்குங்க. நான் வல பிடிக்கிறேன்.”

“டெல்மர், சொன்னதக் கேளு. நீதான் எறங்கணும். வேற யாரையும் அனுப்பாதே.”

மூன்றாம் நாள் போய்விட்டார். என் தண்டனையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றே நினைத்தேன்.

கணக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாமா என்று தலைவர் கேட்டார். தள்ளிவைத்தால் அந்த அம்மா எழுந்து வந்து நம்மைத் தண்ணீரில் தள்ளுவார் என்றேன். சென்ற ஞாயிறு பதினெட்டு ரூட்டும் முடித்தீர்கள். பதினெட்டும் பூஜ்யம். ஏழு மட்டும் பாக்கி. எனக்கு மனம் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரே ஒரு கெட்டது இருந்தாலும் அவருடைய மூன்று கோடையும் போச்சு. இன்று அவர் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்ற வெட்கத்தில், காலை ஆறு மணிக்கு லோவலை வலையோடு உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். இப்போது தெரிகிறதா என் தலை ஏன் ஈரம் என்று?

ரூட்டின் எல்லைக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி ரூட்டு போனேன். மண், கல், மண். பிறகு, நண்பர்களே, மில்ஃபாயில்! ஒரு கொடி அல்ல. இந்த மேடை அகலத்துக்கு ஒரு பாத்தி. தலையைத் தூக்கினேன். லோவல் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப பிடுங்குய்யா. வல தயாரா இருக்கு.”

மறுபடி மூழ்கினேன், கை தானாகச் செடிக்குப் போய்விட்டது. வேரில் விரல் பட்டுவிட்டது. அப்போது கொட்டகையோரம் கேட்ட அந்தக் குரல் காதில் விழுந்தது. எத்தனை ஜோடி, டெல்மர்? ஓர் இலையை மட்டும் கிள்ளி மேலே வந்தேன். என் மூக்குக்கண்ணாடியோ கரையில். லோவல் எண்ணினான். அவனை நம்பாமல் திரும்ப எண்ணச் சொன்னேன். துறைக்கு வந்து கண்ணாடி போட்டு நானும் எண்ணினேன். எண்ணிக்கையை இப்போது சொல்ல மாட்டேன். மறுபார்வை இல்லாமல் எதையும் அறிவிக்கக் கூடாது, அதுவும் அவர் சட்டம். அந்த இலை இதோ, இந்த ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது. தலைவர் அவர்களே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாருங்கள். நிதானமாக எண்ணுங்கள். காப்பி அண்டாப் பக்கம் பேச்சை நிறுத்துங்கள்!

என்ன? உரக்கச் சொல்லுங்கள். பதினொன்று! பதினொரு ஜோடி!

நல்லது! கெட்டது பூஜ்யம். மூன்றாவது கோடையும் பூஜ்யம். பத்தொன்பது ரூட்டிலும் ஒழிந்தது! அது மட்டுமா? நான் மொட்டையடித்த மண்ணில் ஏரி தன் செடியைத் தானே மீட்டுக்கொண்டது. இழைகளுக்கு நடுவே விரல் நீளப் பெர்ச் மீன்குஞ்சுகள் ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். கைதட்டுங்கள். அழுகிறவர்கள் அழுதுகொண்டே தட்டுங்கள். வெண்டல், நீங்களும் தட்டலாம், உங்கள் அம்மா தட்டியிருப்பார்.

சென்ற ஆண்டே அவருக்குத் தெரிந்திருந்தது. இருக்கிறது, அவசரமில்லை என்றாரே, அது மீன் அல்ல. சொல்லியிருந்தால் நான் ஓர் ஆண்டு முன்பே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார். என்னை ஏழாவது ரூட்டுக்கு அனுப்பியது தண்டனைக்கு அல்ல, நண்பர்களே. எனக்கு வரவேண்டிய கடைசித் தபாலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இந்தக் கேடயத்தை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பெயரை மாற்றிப் பொறிப்பது சங்கத்தின் வேலை. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அந்த இறங்குதுறையில் நான் நிற்பேன். என் எலுமிச்சைக் கேக்கை யாரும் தின்ன முடியாது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்னோடு வாருங்கள். வடக்கு விரிகுடாவில் இனி பத்தொன்பது ரூட்டுக்கும் ஒரே சட்டம். ஏழுக்கும் மறுபார்வை உண்டு. ஒளிக்க இனி ஒன்றுமில்லை. நாம் இருக்கும்வரை, நமக்குப் பின் இந்தக் கரையில் வீடு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை, இந்த வேலை நிற்காது. சம்மதமா? சுவரோரம் நிற்பவர்கள் சொன்னது கேட்டது. அண்டாப் பக்கம்? நல்லது.

அம்மையார் ஆர்டித் நைகார்ட் அவர்களே, நீங்கள் சொன்னபடி நானே இறங்கினேன். எண்ணிவிட்டேன். பிடுங்கவில்லை.