பதினோரு நொடிச் சோகம்

ஞானசேகரன் சாருக்கு,

அறிவழகனுக்குப் பல்வரிசை மிகவும் அழகாக இருக்கும். நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட ஏதோ நல்ல சேதி கேட்டவன்போலச் சிரித்தபடிதான் ‘உள்ளேன் சார்’ என்பான். குமராட்சிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சுப்பராயலு நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் முழங்கால்வரை தண்ணீர் நின்ற நாளில், கட்டில்மேல் உட்கார்ந்து சிரிக்கும் போட்டோவைத்தான் கிளாஸ் குரூப்பில் போட்டான். கீழே ‘சூப்பர் வியூ’ என்று எழுதியிருந்தான்.

எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் கிடையாது. மூன்று வருடம் ஒன்றாகப் படித்திருக்கிறோம். நான் கடலூரிலிருந்து ரயிலில் வருகிறவள். ரயில் தாமதமாகும் நாட்களில் எனக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதிவைப்பது அவன்தான். நடந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நீங்கள் இண்டி மியூசிக் வீடியோ கொடுத்தீர்கள். அதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது என்று இரண்டு வகுப்பு எடுத்தீர்கள். நாயகன் சோகமாக இருக்க வேண்டும். நாயகியின் முகம் சரியாகத் தெரியக் கூடாது. டீ கிளாஸிலிருந்து ஆவி வர வேண்டும். யாராவது கடலைப் பார்த்து நடக்க வேண்டும், மெதுவாக. முடிவு என்னவென்று யாருக்கும் புரியக் கூடாது. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீடியோ இந்த இலக்கணத்தை எப்படிப் பின்பற்றுகிறது என்ற அறிக்கையை முதலில் கொடுக்க வேண்டும் என்றீர்கள். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே அதை முடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டேன். ‘நாயகனின் முகத்தில் சொல்லில் அடங்காத சோகம் தெரிகிறது’ என்று அதில் எழுதியிருக்கிறேன். எழுதியபோது அவன் முகத்தில் அது இல்லை. ஆனால் நான் பொய் எழுதுகிறவள் இல்லை. எழுதிவிட்டால் அதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று நினைப்பவள்.

எங்கள் குழுவில் நான்கு பேர். இயக்கமும் எடிட்டிங்கும் நான். கேமரா ராபர்ட். கடலூரில் அவன் மாமா கல்யாண வீடியோ எடுக்கிறார், கேமரா அவருடையது. நாயகி சுவேதா. பாட்டு எழுதி, பாடி, நடிப்பது அறிவழகன்.

பாட்டை அவன் முதன்முதலில் கேன்டீனில் பாடிக் காட்டினான்.

‘ஏழே முக்காலுக்கு வர்றேன்னு சொன்ன,
எட்டரை ஆச்சி, எங்கதான் நின்ன...’

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு ஏக்கத்தை இவன் எங்கே வைத்திருந்தான் என்று தோன்றியது. “யாருடா அது?” என்றேன்.

“மினிபஸ்ஸு” என்றான்.

ராபர்ட் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. மினிபஸ்ஸைக் காட்டாமல் ஒரு பெண்ணின் முதுகைக் காட்டினால் அது காதல் பாட்டு. பாட்டில் வருகிறவர் யார் என்று கடைசிவரை சொல்லாமல் இருப்பதும் இலக்கணம்தானே சார்.

முதல் நாள் கடலூர் சில்வர் பீச்சில் எடுத்தோம். சுவேதா அதிகாலையிலேயே எழுந்து மேக்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி முதுகுப்பக்கம் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டோம். “அப்ப எதுக்குடி நான் ஐப்ரோ பண்ணேன்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அறிவழகன் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடலை நோக்கி நடந்து, நின்று, திரும்பிப் பார்க்க வேண்டும். நன்றாக நடந்தான். நன்றாக நின்றான். திரும்பியபோது, பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்த குழந்தைபோல முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. பதினேழு டேக் எடுத்தோம்.

“மச்சான், ஒனக்கு லவ் பெயிலியர்டா” என்றான் ராபர்ட்.

“சரி மச்சான்.”

“அந்தப் பொண்ணு ஒன்ன உட்டுட்டுப் போயிடுச்சி. இனிமே வராது.”

“எங்கனா நல்லா இருக்கட்டும் மச்சான்” என்றான் அறிவழகன், சிரித்துக்கொண்டே.

அடுத்த முறை சின்ன வெங்காயத்தை நறுக்கிக் கண்ணுக்குக் கீழே தேய்த்தோம். கண்ணீர் தாரையாக வந்தது. சிரிப்பு போகவில்லை. ராபர்ட் திரையைப் பார்த்துவிட்டு, “பரிசு உழுந்த மாரி இருக்கு” என்றான். அவன் சொன்னது சரி. குலுக்கலில் கார் விழுந்தவன் இப்படித்தான் அழுவான்.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சோகத்தை வெளியிலிருந்து தேய்க்க முடியாது. உள்ளேயிருந்து வர வேண்டும். அவனுக்குள் இல்லை என்றால், இயக்குநர்தான் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நான் ஏற்பாடு செய்தேன்.

அந்தப் பாட்டில் வருகிற மினிபஸ்ஸை ஓட்டுகிறவர் தட்சிணாமூர்த்தி அண்ணன். அறிவழகன் ஊர் நிறுத்தத்தில் அவன் இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் நிறுத்தி, ஹாரன் அடித்து, காத்திருந்து கூட்டி வருவார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து, “அண்ணே, அறிவழகன் ஹாஸ்டல்ல சேந்துட்டான். இனிமே அவனுக்காக நிறுத்த வேணாம்” என்றேன்.

“அப்பிடியாம்மா?” என்றார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “டெய்லி ஒரு பாட்டு பாடுவான். வண்டியே கலகலன்னு இருக்கும்.”

அவர் முகம் தொங்கிப்போனதைக் கவனித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு நாட்கள் அந்த வண்டி அவன் ஊரில் நிற்கவில்லை. அவன் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் டாட்டா காட்டுகிறான் என்று நினைத்து அவரும் ஜன்னல் வழியாகத் தினமும் டாட்டா காட்டியிருக்கிறார். அவன் கிடைத்த டிராக்டரில் ஏறி, மீதித் தூரத்தை நடந்து, இரண்டாவது பீரியடுக்குத்தான் வந்து சேர்ந்தான். முதல் பீரியடான உங்கள் பாடத்தில் அவனுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தது அதனால்தான்.

நான் ராபர்டைக் கேமராவோடு காலேஜ் கேட் அருகே நிற்கவைத்தேன். வியர்வையும் புழுதியுமாக வந்த அறிவழகன் எங்களைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டான்.

“டிராக்டர்ல வந்தேன் பிரியா. காத்து என்னாமா அடிக்குது தெரியுமா? தட்சிணாமூர்த்தி அண்ணன் டெய்லி டாட்டா காட்டிட்டுப் போறாரு. பாசக்கார மனுசன்.”

ராபர்ட் கேமராவை அணைத்தான். எனக்கு அன்று தலை வலித்தது.

அடுத்தது கொஞ்சம் பெரிய ஏற்பாடு. கடலூரில் செந்தமிழ்செல்வன் என்பவர் ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறார். அறிவழகன் அங்கே போய்ப் பாடிக் காட்டிவிட்டு வந்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அவன் போன் உடைந்திருந்ததால் என் நம்பரைக் கொடுத்திருந்தான். வேறு யார் நம்பரையும் அல்ல, என் நம்பரை. அவர் எனக்குப் போன் செய்தார். பையன் குரல் அருமை, சேத்தியாத்தோப்பு திருவிழாவில் அவன்தான் முதல் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லம்மா என்றார்.

“அவனுக்குத் தொண்டையில கட்டி சார். பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அவர்களாகவே கெட்ட கட்டி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அறிவழகனிடம், வேறு யாரையோ எடுத்துவிட்டார்களாம் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு நொடி இருக்கும். ராபர்ட் அந்த நேரம் பார்த்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“எங்கூட பாட வந்த ராஜ்கமல எடுத்திருப்பாங்க” என்றான் அறிவழகன். “அவன் என்னவிட நல்லா பாடுவான் பிரியா. போன் குடு, வாழ்த்து சொல்லிடறேன்.”

சார்ஜ் இல்லை என்றேன். இதில் நான் சொன்ன பொய் என்றால் அது ஒன்றுதான்.

கடைசி நாள் படப்பிடிப்பு கிள்ளையில், உப்பங்கழிக் கரையில். படகுத்துறையில் கட்டியிருக்கும் ஒரு படகில் அவன் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் போகிறானா, வந்துவிட்டானா என்று யாருக்கும் புரியக் கூடாது. காலை எட்டு மணி. வெளிச்சம் அருமையாக இருந்தது. படகில் உட்கார்ந்ததும் அவனுக்குக் குஷி வந்துவிட்டது. தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டு உச்ச ஸ்தாயியில் மினிபஸ் பாட்டைப் பாட ஆரம்பித்தான். நான் அறிக்கையைப் பிரித்து அவன் முகத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பைண்டிங்கைப் பிரித்து அந்த ஒரு தாளை மட்டும் மாற்ற முடியுமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. ஒன்றில் செந்தமிழ்செல்வன், கையில் ஒரு பை சாத்துக்குடி. இன்னொன்றில் அறிவழகனின் அப்பா. நோயாளியைப் பார்க்கச் செந்தமிழ்செல்வன் குமராட்சிக்குப் போயிருக்கிறார். வீட்டில் சுப்பராயலு இருந்திருக்கிறார். மகனுக்குக் கட்டி என்பதை வந்தவர் வாயால்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். கிள்ளையில் படப்பிடிப்பு என்று மகன் சொல்லியிருந்ததால் இருவரும் நேரே இங்கே வந்துவிட்டார்கள்.

சுப்பராயலு செருப்பில்லாமல் ஓடி வந்தார். படகில் குதித்து, மகனின் வாயைக் கையால் பொத்தி, “பாடாதடா, பாடாதடா சாமி” என்று அழுதார். அறிவழகனுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னாப்பா? என்னாச்சி?” என்று அவர் விரல்களுக்கிடையிலிருந்து கேட்டான்.

“தொண்டையில கட்டின்னு என்னாண்ட ஏண்டா மறைச்ச?”

“எனக்கா? யாரு சொன்னா?”

செந்தமிழ்செல்வன் சாத்துக்குடிப் பையோடு குழம்பி நின்றார். “ஒரு பொண்ணு சொல்லுச்சிப்பா. நீ குடுத்த நம்பர்லதான். பாடவே கூடாதாமே, அதான் ஒன் பாட்ட ராஜ்கமலுக்குக் குடுத்தோம். இரு, நீயே கேளு” என்று தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

என் கையிலிருந்த போன் அடித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராபர்ட் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். அறிவழகன் என் போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முதலில் பல் மறைந்தது. பிறகு உதடு இறங்கியது. கன்னத்தில் எப்போதும் இருக்கும் மடிப்பு கரைந்துபோனது. மூன்று வருடத்தில் அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அது வேறு யாருடைய முகமோபோல இருந்தது.

நான் ராபர்டின் கையிலிருந்து கேமராவை வாங்கினேன்.

“ஏன் பிரியா?” என்றான் அறிவழகன்.

“பேசாத. வாய் அசைஞ்சா பாட்டோட சேராது” என்றேன்.

அவன் பேசவில்லை. பதினோரு நொடி. பின்னால் சுப்பராயலு படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு குலுங்கியதில் படகு லேசாக ஆடியது. ஆள் வைத்து ஆட்டாமலேயே அந்த அசைவு கிடைத்தது. ஃபோகஸ் மட்டும் கொஞ்சம் அவர் தோள்மேல் போய்விட்டது. அதனால் இன்னொரு டேக் கேட்டேன். ராபர்ட் வந்து லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டான்.

அறிவழகன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினான். அவருக்கு ஒரு சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தான். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை சார். சேத்தியாத்தோப்பில் அவன்தான் முதல் பாட்டு பாடினான். ராஜ்கமலே மைக்கை எடுத்துக் கொடுத்தானாம். தட்சிணாமூர்த்தி அண்ணன் வண்டியை மறுபடி நிறுத்துகிறார். அறிவழகன் என்னைப் பற்றி யாரிடமும் புகார் செய்யவில்லை. புராஜெக்ட் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். எல்லோரிடமும் பழையபடி சிரிக்கிறான். நான் வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் அந்தப் பல்வரிசை மறைந்துவிடுகிறது. எடிட்டிங் முடிந்துவிட்டதால் அந்த முகம் இனி எனக்குத் தேவையில்லை. ஆனாலும் தினமும் காட்டுகிறான். அதைப் பார்த்தால் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. கேன்டீன் போண்டாவாக இருக்கலாம்.

இப்போது, நான் இதையெல்லாம் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். நேற்று நோட்டீஸ் போர்டில் மதிப்பெண் பார்த்தேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கீழே உங்கள் கையெழுத்தில், ‘படகுக் காட்சியில் நாயகனின் சோகம் மிகை நடிப்பு’ என்று இரண்டைக் குறைத்திருக்கிறீர்கள்.

அது நடிப்பு இல்லை சார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அவனைப் பஸ் ஏறவிடாமல் செய்தது நான். பாட வந்த வாய்ப்பைத் தட்டிவிட்டது நான். இல்லாத கட்டியைச் சொல்லி அவன் அப்பாவை அழவைத்ததும் நான்தான். ஆகவே அந்தச் சோகம் முழுக்க முழுக்க உண்மையானது. இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருந்தால் அறிவழகனையே கூப்பிட்டுக் கேளுங்கள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்காகக் கண்டிப்பாக வந்து சொல்வான்.

இப்படிக்கு,
சத்யப்பிரியா