பெயிலானதற்கு ஒரு பூசணிக்காய்

பெட்ரோல் கிடைக்காத காலம். கரியில் ஓடுகிற பஸ்ஸை நம்பி ஏறிய என்னைச் சொல்ல வேண்டும். சமயநல்லூரில் அது நின்றுவிட்டது. கண்டக்டர் பின்பக்கம் அடுப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் ஒரு விவசாயியும், மதுரை ஜவுளிக்கடைக்காரரான ஒரு பாயும்.

“மக பெயிலாயிட்டா பாய். அதான் மதுரையில வாத்தியார் வீட்டுக்குப் பூசணிக்காய் கொண்டு போறேன்.”

“பெயிலானதுக்கா?”

“இன்ஸ்பெக்டர் வந்து பரிச்ச வைக்கிற அன்னைக்கு எம்புட்டுப் புள்ளைக தேறுதோ, அதப் பொறுத்துத்தான் வாத்தியாருக்குச் சம்பளம். அதனால மத்த வாத்தியாருக தேறாத புள்ளைகள அன்னைக்கு வர வேணாம்னுருவாக. நானே, ‘இவள வீட்டுல வச்சுக்கிறேன்யா’ன்னேன். அவருதான் வரச்சொல்லி மொத வரிசையில உக்கார வச்சாரு.”

“சம்பளம்?”

“கொறஞ்சுபோச்சு.”

“அது நியாயந்தானே அண்ணே? துணி விக்கலைன்னா எனக்கு யாரு காசு தருவா?”

“பயிரு காஞ்சுபோச்சுன்னு நடவு நட்டவளுக்குக் கூலி குடுக்காமயா இருக்கோம்?”

விவசாயி காலடியில் இருந்த பூசணிக்காயைத் தட்டிக்கொடுத்துத் தொடர்ந்தார்.

“வெக்கப்பட்டுக்கிட்டு மறுநாள் மகள அனுப்பல. சாயங்காலம் வாத்தியாரே வாசல்ல வந்து நிக்கிறாரு. வையத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். ‘புள்ள ஏன் வரல, காய்ச்சலா?’ன்னு கேட்டாரு பாய்.”

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பியது. பாய் குனிந்து, உருளப்போன பூசணிக்காயைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். மதுரை வரும்வரை இறக்கவில்லை.