பிணத்தின் கண்ணியம்

சிரிப்புக்கு நான் எதிரி அல்ல, ஐயா. வீட்டில் சிரிப்பேன். மேடை வேறு.

இங்கே ஹவுன்ஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதி நெறிப்படுத்துவது நான்தான். இம்முறை எழுதியது ஒரு செத்தவீடு. செல்லத்துரை என்ற தகப்பனின் பிணம் நடுவில் கிடக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று வீட்டுக்காகச் சண்டை பிடிப்பார்கள். பிணமாகப் பெனடிக்ற் நடித்தார். வேறு யாரும் படுக்கச் சம்மதிக்கவில்லை.

ஒத்திகையில் எல்லோரும் அழும்போது பிணம் மூக்கைச் சொறிந்தது. அழுதவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணை, மூக்குக் கடிச்சா நான் என்ன செய்யிறது?"

"செத்தவனுக்குக் கடிக்காது."

"நீங்கள் செத்துப் பாத்தனீங்களோ?"

அதற்கும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. கலைஞனுக்குக் கண்ணியம் வேண்டும். இல்லாதவனுக்கு நாம் உதவலாம்.

விழாவன்று அவருக்கு இஞ்சித் தேநீர் கொடுத்தேன். என் நித்திரைக் குளிசைகளை அதில் கரைத்திருந்தேன். டொக்டர் எனக்கு எழுதித் தந்தது இரவுக்கு ஒன்று. பெனடிக்ற் பெரிய உடம்பு, நாடகமும் நீளம். அதற்கேற்பப் போட்டேன்.

அழகாகக் கிடந்தார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் நாடகத்துக்கு அதுவரை யாரும் அழுததில்லை.

செல்லத்துரையின் மனைவியாக நடித்த மேரிசாந்தி, பெனடிக்றின் சொந்த மனைவி. அவர் நெஞ்சில் விழுந்து அழவேண்டிய இடத்தில் விழுந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பெனடிக்ற், கண்ணைத் திறவுங்கோ!"

செல்லத்துரை என்று சொல்லியிருக்க வேண்டும். குரல் நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

"ஆராவது அம்புலன்சைக் கூப்பிடுங்கோ! இவர் எழும்புறாரில்லை!"

இதுவும் என் வசனம் அல்ல. ஆனால் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளைகளாக நடித்தவர்கள், அவர் வசனத்தை மறந்து புதிதாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, தங்கள் வசனங்களை இன்னும் உரக்கச் சொன்னார்கள். மேரிசாந்தி திரை மறைவில் நின்ற என்னைப் பார்த்தார். தொடரும்படி கைகாட்டினேன்.

கடைசிக் காட்சி மிச்சம் இருந்தது. அது முடிந்ததும் அம்புலன்சைக் கூப்பிட்டது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெனடிக்ற் இன்று காலை கண் விழித்ததாகச் சொன்னீர்கள். மகிழ்ச்சி. விழித்ததும் மேரிசாந்தியிடம், "சனம் சிரிச்சதே?" என்று கேட்டாராம். இவரைத் திருத்துவது கடினம்.

எனக்குக் கொஞ்சம் காகிதம் கிடைக்குமா? அடுத்த நாடகத்தில் ஐந்து பிணங்கள்.