மேற்குப் பள்ளத்துப் பெண்

சிறு வயதில் எனக்குச் சிலந்தி என்றால் பயம். சொன்னால் சிரிப்பீர்கள். குளியலறைச் சுவரில் ஒன்று தெரிந்துவிட்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. அப்படிப்பட்டவன்தான் முப்பத்தோரு வருஷமாக அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து சிலந்திகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விசாரணை அதிகாரி. முதல் பிணத்தைப் பார்த்தபோது நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் பழகிவிடுகிறது.

என் கூட்டாளியைக் குடைக்காரர் என்று கூப்பிடுவோம். குடையை விரித்து, கிளைக்கு அடியில் தலைகீழாகப் பிடித்து, குச்சியால் ஒரு தட்டு தட்டுவார். கொட்டுகிற பூச்சிகளில் தனக்கு வேண்டிய சிலந்தியை ஒரே பார்வையில் பொறுக்கிவிடுவார். கைராசிக்காரர். இதுவரை யாரும் அறியாத இனங்கள் பதினொன்று அவர் கையில் விழுந்திருக்கின்றன. கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வரும், என் பெயர் பின்னால். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, அவ்வளவுதான். அப்போது நான் ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது.

பதினான்காம் தேதி காலையில் மேகக் காட்டுக்குள், மேற்குப் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தோம். அங்கே மேகம் மரங்களுக்குள்ளேயே குடியிருக்கும். பாசி பிடிக்காத கிளையே கிடையாது. குடைக்காரர் தட்டிய முதல் தட்டில் ஓர் ஆண் விழுந்தது. குதிக்கும் சிலந்தி, அரிசி அளவு, முகத்தில் செம்பு நிறப் பட்டை. முன்கண்கள் இரண்டையும் என் பக்கம் திருப்பிப் பார்த்தது. புது இனம் என்று இருவருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

"இது உனக்குய்யா," என்றார். "இந்த ஒண்ணுக்காவது நீ முதல் பேரு போட்டுக்க. நான் பின்னாடி வர்றேன்."

ஆண் மட்டும் போதாது. பெண்ணும் கிடைத்தால்தான் விவரிப்பு முழுமை பெறும். இல்லையென்றால் பின்னால் எவனாவது வந்து பெண்ணைப் பிடித்து, அதற்கு வேறு பெயர் சூட்டி, நம் மானத்தை வாங்குவான். அந்தப் பெண்ணைத் தேடித்தான் குடைக்காரர் அடுத்த கிளைக்கு எட்டி வைத்தார். பாசி வழுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். நான் தள்ளவில்லை, அதை நீங்கள் நம்பலாம். இரண்டு ஆள் உயரம் இருக்கும்.

"கால் போச்சுய்யா. மத்தபடி ஒண்ணுமில்ல. ஓடிப்போய் ஆளுங்களக் கூட்டிட்டு வா," என்று கீழேயிருந்து குரல் வந்தது. என் தண்ணீர்ப் புட்டியைக் கீழே போட்டேன். மேல்சட்டையையும் கழற்றிப் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு மூன்று மணி நேர வழி. பாதி தூரம் தலைதெறிக்க ஓடினேன். மூச்சு வாங்கியதால் நடக்க ஆரம்பித்தேன், நடக்கும்போது யோசனை வந்தது. முப்பது பேர் வருவார்கள், கயிறும் அரிவாளும் கொண்டுவருவார்கள். வழி வெட்டாமல் அவரை மேலே தூக்க முடியாது. வெட்ட வேண்டியது நாங்கள் நின்றிருந்த அந்தச் சின்னப் புதரைத்தான். அந்தப் பெண் உலகத்திலேயே அங்கே மட்டும் இருந்தால்? ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று பட்டது. உடைந்தது கால்தானே.

இருட்டியும் குடைக்காரர் வராததால் முகாம் பொறுப்பாளர், "அவரு எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டார். காலையிலேயே தனித்தனியாகப் பிரிந்துவிட்டோம், அவர் கிழக்கு மேட்டுக்குப் போனார் என்று வாய் கூசாமல் சொன்னேன். மறுநாள் எல்லோரும் கிழக்கே ஏறினார்கள். நானும் ஒரு பக்கம் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேற்கே போனேன். பதினோரு மணிக்குப் பெண் கிடைத்தது.

அன்று மாலையே, மேற்குப் பள்ளத்தையும் பார்த்துவிடலாம் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் யாராலும் மேலே ஏற முடியவில்லை. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை. மழையை நான் வரவழைக்கவில்லை.

கட்டுரை வந்தது. முதல் பெயர் என்னுடையது. அது அவர் விருப்பம். இனத்துக்கு அவர் பெயரையே வைத்தேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அவர் மனைவி அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தார். நாங்கள் பிடிக்கிற ஒவ்வொரு சிலந்தியோடும் புட்டிக்குள் ஒரு சீட்டு போடுவோம்: இடம், தேதி, பிடித்தவர். கணவரின் கிறுக்கல் சீட்டுகளைப் பன்னிரண்டு வருஷம் பொடி எழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தவர் அந்த அம்மா. மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இவர் சீட்டைத்தான் படிப்பார்.

"ஆணைப் பிடிச்சது அவரு, பதினாலாம் தேதி, மேற்குப் பள்ளம்னு போட்டிருக்கு. பெண்ணைப் பிடிச்சது நீங்க, மறுநாள், அதே இடம். சரிதானே அண்ணா?"

"சரிதாம்மா."

"அவரு உயிர் போனது பதினாறுன்னு டாக்டர் சொன்னாரு."

கட்டுரையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

சீட்டில் தேதியை மாற்றி எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எப்படி ஐயா மாற்றுவது? இருநூறு வருஷம் கழித்து ஒருவன் அந்தப் புட்டியைத் திறப்பான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சீட்டுதான். என் வாழ்நாளில் ஒரு சீட்டில்கூடப் பொய் எழுதியதில்லை.

குற்ற உணர்வு இருக்கிறதா என்றும் கேட்டீர்கள். இருக்கிறது. அந்த அம்மா அண்ணா என்று கூப்பிட்டபோது அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. கிழக்கு மேடு என்று சொன்னது தவறு. அந்தத் தவறால் அவர் செத்தார். இதற்குக் கீழே கையெழுத்துப் போடத் தயார்.

கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் தேதி அவர் சத்தம் கேட்டது. நான் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். விளிம்பில் மண் இளகியிருந்ததால் எட்டிப் பார்க்கவில்லை. பெண் கிடைத்ததா என்றுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரைத் தவிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. புட்டியை மூடி, சீட்டு எழுதிப் போட்டதும், அவருக்குக் கேட்கும்படி "கிடைச்சிடுச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.